பத்து மணி பஸ்சில் வந்த பையனுக்கு யார் சொல்வது?

ஒரு வாசகியின் கடிதம். நீளமானது என்பதால் சுருக்கியிருக்கிறேன்.

"ஐயா, சிவில் டிப்ளமோ முடித்து எட்டு மாதம் ஆகிறது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டி ஒரு மீன் பதப்படுத்தும் கூடம் கட்டுகிறோம். தரைத்தளமும் ஒரு மாடியும், பக்கத்தில் தரைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டியும். நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் கடலாடி, முதுகுளத்தூர் பக்கம். மீதிப் பேர் பீகார், ஒடிசா. நான் சூப்பர்வைசராகத்தான் சேர்ந்தேன். 'சேஃப்டியையும் நீயே பார்த்துக்கம்மா' என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்குப் புது ஆட்களை ஷெட்டில் உட்காரவைத்து அரை மணி நேரம் இண்டக்‌ஷன் வகுப்பு எடுத்து, தாளில் கையெழுத்து வாங்குகிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை. ஹிந்திக்காரர்களுக்கு நான் பேசுவதே புரியவில்லை. மேஸ்திரி, 'முப்பது வருசமா சாரத்துல நிக்கிறேன் பாப்பா, எனக்கே பாடமா?' என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். போன வாரம் வகுப்பு முடிந்த பிறகு பத்து மணி பஸ்சில் வந்த ஒரு பையனை நேரே மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தே நிமிடத்தில் ஆணிப் பலகையை மிதித்துவிட்டான். அவனும் வகுப்பில் இருந்த மாதிரி கையெழுத்து வாங்கி ஃபைலில் வை என்கிறார்கள். அப்பா கடல் தொழில் செய்கிறார், 'வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்கு வா' என்கிறார். நான் என்ன செய்யட்டும்? இன்னொன்று, எனக்குக் கொடுத்த ஹெல்மெட் தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது."

அம்மா, முதலில் ஒரு கேள்வி. அந்தப் பையனுக்கு டிடி ஊசி போட்டாயிற்றா? செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய ஆணி வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆழம் உள்ளே இருக்கும். போடவில்லை என்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட வேண்டாம்.

அடுத்தது கையெழுத்து. வாங்காதீர்கள். அன்று காலை அவன் வகுப்பில் இல்லை. இருந்தான் என்று ஒரு தாள் சொன்னால் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் சேர்ந்துதான் இருக்கும். நாளைக்கு ஆணிக்குப் பதில் வேறு ஏதாவது நடந்து விசாரணை வந்தால், 'எல்லாம் அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்தாச்சு' என்று காட்டப் பயன்படுகிற தாள் அது. ஒப்பந்தக்காரரிடம் சண்டை போட வேண்டாம். 'அவன் 10.15க்கு வந்தான், இண்டக்‌ஷன் நடக்கவில்லை, இன்று மதியம் நடத்தினேன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி, அந்தத் தேதியையே போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அதையே அவருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். யாரும் தப்புச் சொல்ல முடியாது.

இதை நான் அதிகாரத்தோடு சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பெருமைப்படுகிற காரணம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு பெரிய சைட்டில் நானும் உங்களைப் போலத்தான் வகுப்பு எடுத்தேன். ஃபேன் போட்ட ஷெட், சுவரில் படங்கள், அறுபது பேர். 'மாடியில் திறப்புகள் இருக்கும், பார்த்து நடங்கள்' என்று சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது, அந்த வரியை இரண்டு தடவை சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் மசியில் பெருவிரலை அழுத்தி என் தாளில் வைத்தார். அன்று மதியமே இரண்டாம் மாடியில் ஒரு ப்ளைவுட் பலகை தரையில் கிடந்தது. கீழே பைப் இறக்குவதற்காக விட்ட ஓட்டையை அதை வைத்துத்தான் மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை, எழுதி வைக்கவில்லை. சென்ட்ரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுக்கு, பலகை கொண்டுவரச் சொன்னார்கள். இவர் குனிந்து அதை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். பலகை கண்ணை மறைத்தது. கால் வைத்த இடம்தான் ஓட்டை.

உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு போயிற்று. விசாரணையில் என் தாளைப் பார்த்து 'ரொம்ப சரியா வச்சிருக்கீங்க' என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. 'திறப்பு' என்ற என் சொல்லுக்கு அவர் மனதில் என்ன உருவம் வந்திருக்கும்? பெரிய ஓட்டையாக, கண்ணுக்குத் தெரிவதாக ஏதோ வந்திருக்கும். தரையில் கிடக்கிற சாதுவான பலகைதான் திறப்பு என்று நான் காட்டவில்லையே.

உங்கள் அப்பா கடல் தொழில் என்று எழுதியிருக்கிறீர்கள். விசைப்படகில் முதன்முதலாக வருகிற பையனுக்கு யாராவது வகுப்பு எடுக்கிறார்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கரையை விட்டுக் கிளம்பும் முன்னே ஒருவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, 'வலையை இழுக்கிற வின்ச் ஓடும்போது இந்த ரோப்புக்கு அந்தப் பக்கம் நிக்காத, அறுந்தா காலை எடுத்துரும்' என்று அந்த இடத்திலேயே நிற்கவைத்துக் காட்டுவார். அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள், அன்றைக்கு அவனைக் கொல்லக்கூடியதை மட்டும் சொல்வார்கள். சொல்கிறவர் அவனோடு அதே படகில் வருகிறவர். இண்டக்‌ஷன் என்று நாம் பெரிய பெயர் வைத்திருப்பதும் இதைத்தான். புது ஆள் வேலையில் கை வைப்பதற்கு முன், இன்றைக்கு இந்த இடத்தில் எது அவனை வீட்டுக்குப் போகவிடாமல் செய்யும் என்பதை, அது இருக்கிற இடத்திலேயே வைத்துக் காட்டுவது. எட்டு மணிக்கு வந்தாலும் சரி, பத்து மணி பஸ்சில் வந்தாலும் சரி.

புதுசு என்பதே ஒரு ஆபத்து. கனடாவில் நடந்த ஆய்வுகளில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவர் அடிபட்டு லீவு எடுக்க வேண்டிவரும் வாய்ப்பு, ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டிருக்கிறார்கள். அதனால் மேஸ்திரிக்கும் பதில் இருக்கிறது. முப்பது வருட அனுபவம் உண்மை. ஆனால் இந்த சைட்டுக்கு அவரும் ஒரு நாள் புது ஆள்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

வகுப்பை ஷெட்டில் இருந்து வெளியே எடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேர், அதற்கு மேல் வேண்டாம். கேட்டில் தொடங்கி நடங்கள். குடிதண்ணீர், கக்கூஸ், முதலுதவிப் பெட்டி, கரண்ட் போர்டு, பள்ளம், சாரம், மாடி விளிம்பு, வண்டி ரிவர்ஸ் எடுக்கிற இடம், ஏதாவது ஆனால் எல்லாரும் கூட வேண்டிய இடம். நாற்பது நிமிடம் போதும். ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் காட்டிய பிறகு அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் உலகத்தில் எல்லாத் தலையும் ஆடும். 'எங்கே, நீங்க காட்டுங்க' என்று கேட்டால்தான் தெரியும்.

கக்கூசை முன்னாலேயே வைத்ததைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்கள் சைட்டில் சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்கிறார்களா என்று ஒரு நாள் கவனியுங்கள். போக இடம் இல்லை என்றால் குடிக்க மாட்டார்கள். குடிக்காமல் சித்திரை வெயிலில் சட்டி தூக்கினால் மயங்கி விழுவார்கள். 'தண்ணி குடிங்க' என்று வகுப்பெடுப்பதைவிடத் தாழ்ப்பாள் போடுகிற ஒரு கதவு அதிக உயிரைக் காக்கும். குடிதண்ணீரும் கழிப்பறையும் 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே உள்ள கடமைகள். 2020இல் வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தச் சட்டத்தைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது, ஆனால் இந்தக் கடமைகள் எங்கும் போய்விடவில்லை. பழைய சட்டத்தில் தனியாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான். நாற்பது பேர் சைட்டில் அந்த வேலை உங்கள் தலையில் விழுந்தது அதனால்தான். அதிகாரி இல்லாமல் இருக்கலாம், அதற்காகப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

வெயில் பற்றி இன்னொன்று. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, வெயிலால் வேலையிடத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறந்திருக்கிறார்கள். உடம்பு பழகவில்லை, அவ்வளவுதான். புது ஆளை முதல் நாள் வெயிலில் அஞ்சில் ஒரு பங்கு நேரம் மட்டும் விட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மற்ற நேரம் நிழலில் கம்பி கட்டட்டும். கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒருவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, 'கொஞ்சம் உட்காரட்டும்' என்று விடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும்.

108 என்றதும் நினைவுக்கு வருகிறது. கடற்கரையில் இருக்கிற உங்கள் சைட்டுக்குக் கதவு எண்ணா இருக்கிறது? ஆம்புலன்ஸ்காரர் 'எங்கே வரணும்?' என்று கேட்டால் பீகார்க்காரப் பையன் என்ன சொல்வான்? எந்தச் சாலை, எந்த பஸ் நிறுத்தம், எந்தக் கோயில் அல்லது தர்கா பக்கம் திரும்ப வேண்டும், இதை இரண்டு வரியில் எழுதி ஒவ்வொரு ஹெல்மெட்டின் உள்பக்கமும் மார்க்கரில் எழுதிவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவன் அதைப் பக்கத்தில் இருக்கிறவனிடம் காட்டுவான். ஐந்து ரூபாய் செலவு இல்லாத வேலை.

இனிப் பள்ளம். உங்கள் இடத்தில் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது காலையில் ஈரத்தோடு செங்குத்தாக நிற்கிற மணல், பன்னிரண்டு மணிக்குக் காய்ந்ததும் உதிரும். ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பளவு மூடினாலே மூச்சுவிடத் திணறும், ஆள் கையால் இழுத்து எடுக்க முடியாது. ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான பள்ளத்துக்குச் சரிவு வெட்ட வேண்டும், இல்லையென்றால் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் விதி. எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளியோ, ஆழத்தில் பாதி தள்ளியோ, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். கடல் மணலில் நான் ஒரு மீட்டரிலேயே சரிவு கேட்பேன்.

இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கேட்டுப் பாருங்கள், உங்கள் சித்தாள் பெண்களில் பாதிப் பேர் குடிதண்ணீருக்கு ஊற்றுத் தோண்டியவர்களாக இருப்பார்கள். ஊற்றை யாராவது கிணறு மாதிரி செங்குத்தாகத் தோண்டுகிறார்களா? வாயை அகலமாக எடுத்து, சரிவாக இறங்கித்தானே கொட்டாங்கச்சியில் மொள்ளுகிறோம். 'ஏன் அக்கா அப்படித் தோண்டுறீங்க?' என்று ஆட்கள் முன்னால் கேளுங்கள். 'சரிஞ்சிரும்ல' என்பார்கள். அதுதான் உங்கள் பாடம். அந்த அக்கா சொன்னால் மேஸ்திரியாலும் சிரிக்க முடியாது.

காற்றும் அதே மாதிரி. கச்சான் காற்று ஆடியில் எப்படி வீசும் என்று மண்டபத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். 40 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் இருபது, இருபத்தைந்து கிலோ தள்ளும். அந்த 58இல் ஐம்பது கிலோ. பலகையைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் நிற்கிறவன் கையில் இருப்பது படகின் பாய். கடல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வார்த்தை போதும், முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரருக்கும் பாட்னாக்காரருக்கும் தரையில் ஒரு பலகையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிக் காட்டுங்கள். காற்று பலமானால் மேலே பலகை, தகரம் ஏற்றுகிற வேலை நிற்க வேண்டும். அதை நிறுத்தச் சொல்கிற அதிகாரம் யாருக்கு என்பதையும் முதல் நாளே பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள்.

சாரம் சவுக்குக் கம்பா, இரும்புக் குழாயா என்று நீங்கள் எழுதவில்லை. கம்பு என்றால் கயிற்றுக் கட்டுகளைத் தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மழை நனைந்து காய்ந்தால் தளர்ந்திருக்கும். குழாய் என்றால் உப்புக் காற்று கிளாம்ப்பின் மரையைத் தின்றுவிடும். பெயின்ட் அடித்திருக்கிறதே என்று நம்பாதீர்கள், ஸ்பேனர் போட்டு ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். 3.6 மீட்டருக்கு மேல் உள்ள சாரத்துக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடி வேண்டும் என்பது அதே பொதுப்பணித் துறையின் விதி. நான் இரண்டு மீட்டரிலேயே போடச் சொல்வேன், அந்த உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏணி நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும், ஏறி இறங்குகிற தளத்துக்கு மேல் மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பெல்ட் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஹார்னஸின், அதாவது உடம்பு முழுக்க மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டின், கயிறு 1.8 மீட்டர். விழும்போது கயிற்றோடு இருக்கிற அதிர்ச்சி தாங்கிப் பட்டை ஒரு மீட்டருக்கு மேல் நீளும். அதற்குக் கீழே ஆளின் உயரம், கொஞ்சம் மிச்ச இடம். எல்லாம் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தரை, ஆறு மீட்டர் வேண்டும். உங்கள் முதல் தளம் மூன்றரை மீட்டர் இருக்கலாம். காலடியில் கொக்கி மாட்டிக்கொண்டு விழுந்தால் கயிறு இறுகும் முன்னே தரை வந்துவிடும். அங்கே உயிரைக் காப்பது கைப்பிடிக் கம்பிதான். ஹார்னஸ் வேண்டிய இடத்தில் தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும், சாரக் கம்பில் இல்லை. போடச் சொல்லிக் கொடுக்கும்போது சிக்கலாகச் சுருட்டி ஆளின் கையில் கொடுங்கள். முதுகு வளையத்தைப் பிடித்து உதறினால் பட்டைகள் தானாகப் பிரியும். தொடைப் பட்டையில் விரித்த கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக்கூடாது. அவனே போட்டுக் காட்டட்டும். முதல் தடவை நிச்சயம் தப்பாகப் போடுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு ஷெட்டில் வராது.

தண்ணீர்த் தொட்டிதான் எனக்கு உங்கள் கடிதத்தில் அதிக பயம் தந்த சொல். கான்கிரீட் போட்டு மூடிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவன் இறங்குவான். பல நாள் மூடிக் கிடந்த ஈரமான இடம், உள்ளே நனைந்த மரம் மக்கி ஆக்சிஜனைக் குடித்திருக்கும். வாடை எதுவும் வராது. இறங்கியவன் சத்தமில்லாமல் சாய்வான். மேலே நிற்கிறவன் அண்ணனாகவோ மாமனாகவோ இருப்பான், யோசிக்காமல் குதிப்பான். இப்படி இரண்டு, மூன்று பேராகச் செத்த செய்தியைப் பேப்பரில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். எல்லா மூடியையும் திறந்து, ப்ளோயர் வைத்துக் காற்று அடித்து, வாடகைக்கு கேஸ் மீட்டர் வாங்கி ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். உடம்பில் ஹார்னஸ், மேலே கயிற்றைப் பிடித்து ஒருவர், அவர் அந்த இடத்தை விட்டு டீ குடிக்கக்கூடப் போகக்கூடாது. இண்டக்‌ஷன் நாளில் ஆட்களைத் தொட்டியின் வாயருகே நிறுத்தி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: உள்ளே யார் விழுந்தாலும் குதிக்காதே, கத்து. இதை ஒவ்வொருவர் வாயாலும் திருப்பிச் சொல்ல வையுங்கள். ஹிந்தியிலும்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக. ப்ளக் இல்லாமல் ஒயர் முனையைத் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் செருகுகிற வழக்கம் உங்கள் சைட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச், இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை ஆட்கள் முன்னால் அமுக்கிக் காட்டுங்கள், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கு கட்டிங் மெஷின் ஓடாது. பள்ளத்தில் மோட்டார் ஓடும்போது யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

ஹிந்தி பேசுகிறவர்களுக்கு அவர்களிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கூட்டிவந்த ஏஜென்ட் வேண்டாம், கூடவே கம்பி கட்டுகிறவர் வேண்டும். நீங்களும் நாலு சொல் கற்றுக்கொள்ளுங்கள். ருக்கோ என்றால் நில், ஹட்டோ என்றால் விலகு, கட்டா என்றால் பள்ளம், பிஜ்லி என்றால் கரண்ட். ஒடிசாக்காரருக்கு ஹிந்தியும் அரைகுறையாக இருக்கலாம். அதனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் எல்லா வேலையும் நிற்க வேண்டும் என்று ஒரே ஒரு சைகையை சைட் முழுக்கப் பொதுவாக வைத்துவிடுங்கள். மொழி வேண்டாம், மிக்ஸர் சத்தத்திலும் தெரியும்.

சரி, மேஸ்திரி. எல்லார் முன்னாலும் அவரைத் திருத்தப் பார்க்காதீர்கள். அவர் சிரிப்பது உங்களைப் பார்த்து இல்லை, ஷெட்டில் உட்காரவைத்துப் படம் காட்டுவதைப் பார்த்து. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து டீ குடிக்கும்போது தனியாகப் போய், 'ஐயா, முப்பது வருசத்துல உங்க கண்ணு முன்னால யாராவது விழுந்திருக்காங்களா?' என்று கேளுங்கள். நான் கேட்டவரையில் இல்லை என்று சொன்ன மேஸ்திரியைப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் சொல்வார். சொன்னால், 'அதையே நாளைக்குச் சாரத்துக்குக் கீழ நின்னு புதுப் பையன்களுக்குச் சொல்லுவீங்களா ஐயா, நான் சொன்னா கேக்க மாட்டாங்க' என்று கேளுங்கள். சாரம், ஏணி, பலகை எல்லாம் அவர் பங்கு. கரண்ட், தொட்டி, பள்ளம் உங்கள் பங்கு. தாளில் 'காட்டியவர்' என்ற இடத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். தன் பெயர் போட்ட தாளை அவர் அலட்சியமாக விடமாட்டார்.

சட்டி தூக்கும் பெண்களிடம் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். சும்மாடு வைத்த தலையில் ஹெல்மெட் நிற்காது. 'ஹெல்மெட் போடு' என்று கத்தினால் உங்கள் தலை தெரிகிறவரை போட்டுக்கொண்டு அப்புறம் கழற்றிவிடுவார்கள். தலைச்சுமை போகிற வழியைச் சாரத்துக்கு அடியில் இருந்து தள்ளி மாற்றுங்கள், அந்த வழிக்கு மேல் யாரும் வேலை செய்யாதபடி பாருங்கள். முடிந்த இடத்தில் தள்ளுவண்டி கேளுங்கள். கான்கிரீட் போடும் நாளில் முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட் கொடுங்கள். ஈர சிமென்ட் காலில் மணிக்கணக்கில் இருந்தால் வெந்துவிடும், வலி சாயங்காலம்தான் தெரியும்.

தாளையும் மாற்றுங்கள். தேதி, நேரம், காட்டியவர் பெயர், புது ஆள் திருப்பிச் செய்து காட்டிய மூன்று விஷயம், அவர் கையெழுத்து. ஒரு பக்கம் போதும். அதே நேரத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் அந்த வாரியம் 1994இல் இருந்தே இருக்கிறது, 18 முதல் 60 வயது வரை பதியலாம். புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அடிபட்ட பிறகு தேடினால் அட்டை செல்லாததாகக் கிடக்கும். வயதைப் பார்க்கும்போது அந்தப் பத்து மணி பஸ் பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 'பையன்' என்று நீங்கள் எழுதியது எனக்கு உறுத்துகிறது.

கேட்டில் ஒரு பெஞ்சு போடுங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் புது ஆள் அதில்தான் உட்கார வேண்டும், நீங்களோ மேஸ்திரியோ வந்து கூட்டிப்போகும் வரை உள்ளே போகக்கூடாது. காவலாளிக்கு இந்த ஒரு உத்தரவு போதும். முதல் ஒரு வாரம் அவர்களுக்கு வேறு நிற ஹெல்மெட், பச்சையோ ஆரஞ்சோ. புது ஆள் எங்கே நிற்கிறான் என்று மேலே இருக்கிறவனுக்கும் தெரியும், தனியாக விடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். நாற்பது நிமிடம் வீண் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், ஆணி குத்திய அன்று எத்தனை பேர் எத்தனை நேரம் வேலையை விட்டுக் கூடி நின்றார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

அப்பாவின் பேச்சுக்கு நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் ஒரு நாள் மதியம் அவரை சைட்டுக்கு வரச் சொல்லுங்கள். தொட்டியையும் சாரக் கட்டுகளையும் சுற்றிக் காட்டுங்கள். கயிற்றையும் முடிச்சையும் பற்றி உங்கள் மேஸ்திரியைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். பின்னால் திருகு வைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள், ஐஎஸ் 2925 என்று அச்சிட்டிருக்க வேண்டும். கொண்டையை மேலே போட்டால் எந்த ஹெல்மெட்டும் உட்காராது, கழுத்துப் பக்கம் தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள். தாடைப் பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது கழன்று விழுந்தால், கீழே சட்டியோடு போகிற அக்காவின் தலையில்தான் விழும்.